பிளஸ் ஒன் மாணவரின் சுயமதிப்பீட்டுக் குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கைக்கு வந்ததும், ‘என் பலம், என் சிரமம், என் இலக்கு’ என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி மாணவர்களிடம் கேட்கும் வகுப்பாசிரியர்கள் உண்டு. அப்படி எழுதப்படும் குறிப்புகளை ஆண்டுதோறும் படித்துவரும் ஆசிரியர் என்ற முறையில், மாணவர்களும் பெற்றோர்களும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்பவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியது இது.

பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே இல்லை என்று ஆன பிறகு, இவ்வளவு யோசித்து எழுதத்தான் வேண்டுமா?

வேண்டும், முன்பைவிட இப்போதுதான் கூடுதலாக வேண்டும். 2017-18 கல்வியாண்டில் கொண்டுவரப்பட்ட பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதைத் தொடர்ந்து 2025-26 முதல் கைவிடப்பட்டது. அந்தத் தேர்வு வருவதற்கு முன்பு, பிளஸ் ஒன் பாடங்களை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே படிக்கவைத்த பள்ளிகள் இருந்தன. அங்கே படித்தவர்கள் கல்லூரியின் முதலாண்டில் திணறினார்கள். தேர்வு போய்விட்டது என்பதற்காகப் பாடத்தின் தேவை போய்விடவில்லை. நீட் தேர்வில் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. பிளஸ் டூ கணிதப் புத்தகமோ, வகையிடலையும் தொகையிடலையும் நீங்கள் பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியிலேயே கற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்களுக்கு 500 மதிப்பெண் என்று பழகியவர்கள், திடீரென்று ஆறு பாடங்களுக்கும், இயற்பியல், வேதியியல், கணிதம் போன்றவற்றில் கனமான இரண்டு தொகுதிகளுக்கும் மாறுகிறார்கள். பத்தாம் வகுப்பில் கைகொடுத்த படிப்பு முறை இங்கே கைகொடுக்காமல் போகலாம். அதைப் பொதுத்தேர்வின் அழுத்தம் இல்லாத ஆண்டிலேயே கண்டுபிடித்துக்கொள்வது நல்லது.

வெள்ளைத் தாளை எடுத்து வைத்தால் எதுவுமே தோன்றவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளைத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, திருத்தி வந்த விடைத்தாள்களை முன்னால் பரப்பிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இந்த ஒன்றைத்தான்: உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைவிட, உங்கள் கையெழுத்தில் உங்கள் விடைத்தாளில் என்ன இருக்கிறது என்பதே நம்பத்தகுந்த சான்று. மனம் சில நாட்களில் நம்மை உயர்த்திச் சொல்லும், சில நாட்களில் தாழ்த்திச் சொல்லும். விடைத்தாள் அப்படி மாறுவதில்லை.

மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று, ஏன் குறைந்தது என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதுங்கள். அந்தப் பகுதியை நீங்கள் படிக்காமலே போயிருக்கலாம். படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வராமல் போயிருக்கலாம். தெரிந்ததையே கைதவறி எழுதியிருக்கலாம். வினா எதைக் கேட்கிறது என்று பிடிபடாமல் இருந்திருக்கலாம். இயற்பியல் வினாத்தாளில் 24ஆம், 33ஆம் எண்களில் வரும் கட்டாய வினாக்களில் பலருக்கு நேர்வது இதுதான், ஏனெனில் அவை புக் பேக் வினாக்களை அப்படியே கேட்பதில்லை. கடைசியாக, நேரம் போதாமல் விட்டிருக்கலாம். இயற்பியலில் 70 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால், ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் கிடைக்கிறது. ஓர் ஐந்து மதிப்பெண் வினாவில் 25 நிமிடம் செலவிட்டவருக்கு இறுதியில் இன்னொரு ஐந்து மதிப்பெண் வினா எழுதப்படாமல் நின்றுவிடும். அவர் பாடத்தில் பின்தங்கியவர் அல்லர். கடிகாரத்தைப் பார்த்து எழுதப் பழக வேண்டியவர்.

ஐந்து பாடங்களுக்கோ ஆறு பாடங்களுக்கோ இப்படிச் செய்து முடித்தால், உங்கள் பென்சில் குறிப்புகளில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். குறிப்பில் எழுத வேண்டிய சிரமம் அதுவே.

‘எனக்கு இயற்பியல் கணக்கு வராது’ என்று எழுதினால் போதாதா? உண்மை அதுதானே?

உண்மையாகவே இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு உங்களுக்கு யாரும் உதவ முடியாது, நீங்களும் உங்களுக்கு உதவிக்கொள்ள முடியாது. ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். கிடைத்தளத்துடன் 30 டிகிரி கோணத்தில், வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் ஒரு பந்து எறியப்படுகிறது. அது அடையும் பெரும உயரம் என்ன, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்க, என்பது வினா. மாணவர் விடையாக 10 மீட்டர் என்று எழுதியிருக்கிறார். சரியான விடை 5 மீட்டர்.

விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தால், எறிபொருள் இயக்கம் என்று அடையாளம் கண்டது சரி. சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. தொடக்கத் திசைவேகத்தை இருமடியாக்கி 400 என்று எழுதியதும் சரி. சைன் 30 என்பது அரை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அரையையும் இருமடியாக்கிக் கால் என்று எழுத வேண்டிய இடத்தில், அரையை அப்படியே பெருக்கி, 200ஐ 20ஆல் (முடுக்கத்தின் இரு மடங்கால்) வகுத்து 10 என்று முடித்திருக்கிறார். முழுக் கணக்கில் ஒரேயொரு படி வழுக்கியிருக்கிறது. இவர் ‘இயற்பியல் வராது’ என்று எழுதினால், தமக்குத் தெரிந்த நான்கு படிகளையும் தாமே மறுத்ததாக ஆகும். ‘சூத்திரத்தில் முக்கோணவியல் உறுப்பின் இருமடியை விட்டுவிடுகிறேன், பிரதியிடும்போது ஒவ்வோர் உறுப்பையும் தனி வரியில் எழுதாமல் மனத்திலேயே பெருக்குகிறேன்’ என்று எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்த வரியிலேயே வந்துவிடுகிறது.

வணிகவியல் பிரிவு மாணவருக்கும் இதே முறைதான். பற்று, வரவு மொத்தங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் இருப்பாய்வு சரியாக அமையவில்லை என்றால், ‘கணக்குப்பதிவியல் கடினம்’ என்று எழுதாமல், பேரேட்டுக்கு எடுத்து எழுதும்போது பற்றில் வர வேண்டிய ஒரு தொகை வரவில் போனதா, ஒரு தொகை விடுபட்டதா, கூட்டலில் பிசகியதா என்று பின்னோக்கி நடந்துபோய், தவறு நுழைந்த இடத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்தை எழுதுங்கள்.

பலம் என்று எதை எழுதுவது? தற்பெருமை போல் இருக்காதா?

மாணவர்கள் கூச்சத்தோடு எழுதும் பகுதி இது. ‘கடின உழைப்பு, நேரம் தவறாமை, தன்னம்பிக்கை’ என்று மூன்று சொற்களை எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். யார் தாளில் வேண்டுமானாலும் இருக்கக்கூடிய அந்தச் சொற்களிலிருந்து உங்களைப் பற்றி எதையும் அறிய முடியாது.

சிரமத்துக்குச் சான்று தேடியதைப் போலவே பலத்துக்கும் விடைத்தாளில் சான்று தேடுங்கள். முழு மதிப்பெண் கிடைத்த ஐந்து மதிப்பெண் விடையை எடுத்து, அதை எப்படிப் படித்தீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தபடி படித்தீர்களா, படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துப் பழகினீர்களா, ஆய்வகத்தில் கைப்படச் செய்ததால் மனத்தில் நின்றதா? ‘விலங்கியலில் படம் வரைந்து படித்த பகுதிகளில் மதிப்பெண் குறையவில்லை’ என்பது பெருமைப் பேச்சு ஆகாது, தகவல்தான். அதே முறையை வராத பகுதிக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பதால்தான் பலத்தை எழுதச் சொல்கிறோம்.

மதிப்பெண்ணில் தெரியாத பலங்களும் உண்டு. புரியாததை வகுப்பில் எழுந்து கேட்கும் துணிவு அவற்றுள் ஒன்று. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் அது சிறிய காரியம் அல்ல. அப்படிக் கேட்பவர் என்றால் தயங்காமல் எழுதுங்கள்.

வீட்டில் நன்றாகப் படித்துவிட்டுத்தான் செல்கிறேன். தேர்வு அறையில் மறந்துவிடுகிறது. ‘நினைவாற்றல் குறைவு’ என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். முதலில் ‘நன்றாகப் படித்தேன்’ என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும், புத்தகத்தைத் திறந்து பார்க்கும்போது எல்லாம் தெரிந்தது போல் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்கிறோம். பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு.

இதை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு, ஓர் உரைப்பகுதியை நான்கு கட்டங்களிலும் வாசிக்க மட்டும் செய்தது. இன்னொரு குழு முதல் கட்டத்தில் வாசித்துவிட்டு, மற்ற மூன்று கட்டங்களிலும் உரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவே முன்னிலையில் இருந்தது: அவர்கள் 83 விழுக்காடு, எழுதியவர்கள் 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு 40 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. எழுதிய குழு 61 விழுக்காட்டில் நின்றது. முந்தைய இரவு நான்கு முறை வாசித்துவிட்டு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று தோன்றும் அந்த உணர்வு ஐந்து நிமிடச் சோதனைக்கு உண்மைதான். காலாண்டுத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

2013இல் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோதும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், ஒரே மூச்சில் படிக்காமல் நாட்களைப் பிரித்துப் படிப்பதும் மிகுந்த பயன் தருபவை என்று கண்டார்கள். வரிகளுக்கு அடியில் கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தரும் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே ‘மறதி’ என்று எழுதும் இடத்தில், ‘புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதில்லை’ என்று எழுதினால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அதைச் செய்யத் தனி நோட்டு தேவையில்லை. ரஃப் நோட்டில் பின்பக்கங்கள் போதும்.

‘நான் பார்த்துக் கற்பவர்’, ‘நான் கேட்டுக் கற்பவர்’ என்று எழுதலாமா? இணையத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன்.

தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பக் கற்பித்தால் அதிகம் கற்பார் என்ற கருத்தை ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் 2008இல் ஆராய்ந்து, அதைத் தாங்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று முடிவு சொன்னார்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்பது வேறு. முறையைப் பாடம்தான் தீர்மானிக்க வேண்டும்: இதயத்தின் அமைப்பை எல்லோரும் படமாகப் பார்த்தாக வேண்டும், ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பை எல்லோரும் காதால் கேட்டாக வேண்டும்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பே புரியவில்லை. இதைச் சிரமம் என்று எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள், முதல் வரியாகவே எழுதுங்கள். வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பல மாணவர்களின் மௌனத்துக்குக் காரணம் இதுவே. ஆசிரியருக்கு அது பாடம் புரியாத மௌனமாகத் தெரியும். சில நேரம் அக்கறையின்மையாகவும் தெரிந்துவிடும்.

எழுதும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே பாடத்தைத் தமிழ் வழிப் புத்தகத்தில் வாசித்தால் புரிகிறதா? புரிகிறது என்றால், உங்களுக்குப் பாடத்தில் குறை இல்லை. திசைவேகம்தான் வெலாசிட்டி, முடுக்கம்தான் ஆக்சிலரேஷன், உந்தம்தான் மொமென்டம் என்று பழகிக்கொள்ளும் வேலைதான் மீதி. மாநிலப் பாடநூல்கள் இரு மொழிகளிலும் ஒரே பாட வரிசையில் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சொற்பட்டியல் தயாரிக்கலாம். பாடநூல்கள் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் வாசித்தும் புரியவில்லை என்றால், சிரமம் மொழியில் இல்லை, ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் விட்டுப்போன ஏதோ ஓர் அடிப்படையில் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

சொற்கள் பழகும் வரை, தமிழில் கேள்வி கேட்கலாமா என்று ஆசிரியரிடம் குறிப்பிலேயே கேட்டுவிடுங்கள். மறுக்கும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டுச் சூழலை எழுதலாமா?

படிப்பைத் தொடும் அளவுக்கு எழுதலாம். மாலையில் கடையில் நிற்க வேண்டியிருக்கிறது, ஒரே அறையில் தொலைக்காட்சி ஓடுகிறது, பேருந்து வீடு சேர இரவு ஏழரை ஆகிறது என்பன போன்ற செய்திகள் ஆசிரியருக்கு உண்மையாகவே தேவை. அதற்கு மேல் எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். எழுத்தில் வைக்க விரும்பாததைத் தனியாகச் சந்தித்துச் சொல்லலாம்.

இலக்கு என்ற தலைப்பில் ‘600க்கு 550’ என்று எழுதினால் என்ன குறை?

எண்ணை எழுதுவதில் குறை இல்லை. எண்ணோடு நிறுத்திவிடுவதில்தான் குறை. வினாத்தாள் எளிதா கடினமா என்பது உங்கள் கையில் இல்லை, திருத்துபவர் யார் என்பதும் உங்கள் கையில் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை என்ன செய்வீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே எண்ணுக்குக் கீழே செயலை எழுதுங்கள். அதிலும் ‘இனிமேல் தினமும் வேதியியல் படிப்பேன்’ என்பதைவிட, ‘பள்ளியிலிருந்து வந்து உடை மாற்றியவுடன், சாப்பிடுவதற்கு முன், மோல் கணக்கு இரண்டைப் புத்தகம் பார்க்காமல் செய்வேன்’ என்பது நிறைவேற வாய்ப்பு அதிகம். எப்போது, எங்கே, எதைச் செய்தவுடன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைக்கும் திட்டங்கள், வெறும் எண்ணத்தைவிட அதிகம் செயலுக்கு வருகின்றன என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

ஆறு பாடங்களுக்கும் ஆறு தீர்மானங்கள் எழுதாதீர்கள். ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு.

மருத்துவர் ஆக வேண்டும், பொறியாளர் ஆக வேண்டும் என்ற பெரிய இலக்கை எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த இலக்குக்கான வழியைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆஃப், பிளஸ் டூ கணிதத்தின் 100, இயற்பியலின் 50, வேதியியலின் 50 எனச் சேர்ந்து 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு மட்டும் பாதி எடை என்று தெரிந்தவர், தம் நேரத்தை வேறு விதமாகப் பிரித்துக்கொள்வார். எந்தப் படிப்பு என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையே எழுதுங்கள். பதினாறு வயதில் முடிவு செய்யாமல் இருப்பது குறை ஆகாது. அம்மா அப்பா சொன்னதைத் தம் இலக்குபோல் எழுதிவைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு மாதிரி காட்ட முடியுமா?

கீழே உள்ளது நானே எழுதிய மாதிரி. இதை அப்படியே எடுத்து எழுதினால் உங்களுக்கு எந்தப் பயனும் இராது.

‘காலாண்டு இயற்பியலில் 70க்கு 38 பெற்றேன். இழந்த 32 மதிப்பெண்ணில் 14, சூத்திரம் சரியாக எழுதிப் பிரதியிடும்போது தவறியவை. 10, கடைசி இரண்டு நெடுவினாக்களை எழுத நேரம் இல்லாமல் விட்டவை. மீதி 8, அளவீட்டியலில் பிழைகள் பற்றிய பகுதியைப் படிக்காததால் போனவை. வருவித்தல்களை மூன்று நாள் இடைவெளி விட்டு எழுதிப் பார்த்தேன். அவற்றில் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. இனி எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் அப்படியே செய்வேன். ஞாயிறு காலை, பழைய வினாத்தாளின் ஐந்து மதிப்பெண் வினாக்களில் இரண்டை, ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்து எழுதுவேன். பிழைகள் பற்றிய பகுதியில் சதவீதப் பிழை எனக்குப் புரியவில்லை. அதை மட்டும் ஐயாவிடம் கேட்க வேண்டும்.’

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

பெற்றோருக்குக் காட்ட வேண்டுமா? பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

காட்டுவது நல்லது, ஆனால் மாணவர் விருப்பப்பட்டுக் காட்ட வேண்டும். பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, பிள்ளை தன் குறையைத் தானே எழுதியிருக்கும் அந்தத் தாளைத் திட்டுவதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதே. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால், அடுத்த முறை ‘கடின உழைப்பு, தன்னம்பிக்கை’ என்ற சொற்கள்தான் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அந்த நேரத்தில் எடுக்கவே வேண்டாம். ‘இதில் வீட்டில் நாங்கள் எதை மாற்றினால் உனக்கு உதவியாக இருக்கும்?’ என்று கேளுங்கள். தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் நிறுத்துவது, டியூஷன் ஒன்றைக் குறைப்பது என்று விடை சிறியதாகவே இருக்கும்.

எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது. எல்லாவற்றிலும் தோற்றுவிட்டதுபோல் இருக்கிறது.

அப்படியானால் குறிப்பை இப்போதைக்கு மூடிவையுங்கள். அது காத்திருக்கும். நம்பிக்கையான ஒருவரிடம், ஆசிரியரிடமோ அக்காவிடமோ மாமாவிடமோ, இப்படி இருக்கிறது என்று இன்றே சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை நாளின் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பள்ளி, படிப்பு தொடர்பான வழிகாட்டலுக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இவற்றை அழைப்பதை யாருக்கும் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

எழுதிக் கொடுத்த பிறகு?

ஒரு படி உங்களிடம் இருக்கட்டும். அரையாண்டு விடைத்தாள் வந்ததும், புதிய குறிப்பை எழுதுவதற்கு முன் பழையதை எடுத்து, அதில் குறித்த காரணம் இந்த முறை எத்தனை மதிப்பெண்ணைக் கொண்டுபோயிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மொத்த மதிப்பெண் ஏறாமலே இருந்தாலும், பிரதியிடும் தவறால் போன 14 மதிப்பெண் 5ஆகக் குறைந்திருந்தால் உங்கள் முறை வேலை செய்கிறது, அதைத் தொடருங்கள். 14 அப்படியே நின்றால், தீர்மானத்தை நீங்கள் கடைப்பிடிக்கவில்லையா, கடைப்பிடித்தும் பலன் இல்லையா என்று பிரித்து எழுதுங்கள். முதலாவது என்றால் நேரத்தையும் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். இரண்டாவது என்றால் அந்த விடைத்தாளையும் இரண்டு குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரைப் பாருங்கள். இடைவேளையில் பத்து நிமிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.